வெள்ளிச் சகன்

பாசிர் ரிஸ்
3 மே 2024

நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சனிக்கிழமை போனில் நான் சத்தம் போட்டது உண்மை. நீ பாதியில் வைத்ததும் உண்மை. அதன்பின் ஆறு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் துறைமுக அலுவலகத்தில் கடிதம் எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு இதில் கூச்சமில்லை.

நடந்ததை நீ முழுசாகக் கேட்கவில்லை. பள்ளிவாசலில் ஜூலை மாதம் பழைய குடும்பச் சாமான்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். நம் சகனைக் கேட்டார்கள். சென்ற மாதம் உன் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது அதற்காகத்தான். படிவத்தை நானே நிரப்பினேன். பொருள்: சகன், நால்வர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் பெருந்தட்டு. உலோகம்: வெள்ளி. காலம்: 1880 சுமார். உரியவர்: மர்ஹூம் செய்யது மீரான், நாகூர், பின்பு தஞ்சோங் பகார். வாப்பா பெயரை எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அட்டைகள் தயாரிக்கும் வெங்கடேஷ் என்ற தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், முத்திரை ஒண்ணும் இல்லையே. வெள்ளின்னு போடறதுக்கு முன்னாடி ஒருக்கா டெஸ்ட் பண்ணிடலாம் லா" என்றார். தாராளமாக என்றேன். சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். தங்கம் சோதிக்கும் மெஷினில் சகனின் ஓரத்தை வைத்து மூடினார்கள். இரண்டு நிமிஷம். கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். செம்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மிச்சம் ஈயமும் வேறு என்னவோவும். வெள்ளி இல்லவே இல்லை.

"பரவால்ல சார், செம்பும் பழசுதானே" என்றார் வெங்கடேஷ். என் காது சுட்டது.

அது வெள்ளி என்று வாப்பா சொன்னார், வாப்பாவின் வாப்பா சொன்னார். வெள்ளிப் பாத்திரத்தில் சாப்பிடுவது நமக்கு ஆகாது என்றுதான் ஒரு நாள்கூட அதில் சோறு போடாமல் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தோம். என் கல்யாண போட்டோவில் நிலா மாதிரி வெளுத்திருக்கிறது. இப்போது ஓரமெல்லாம் சிவப்பு. பதிமூன்று வருஷமாக அது தெம்பனிஸில் உன் வீட்டில்தான் இருந்தது.

நேற்று உன் வாசலில் துணி சுற்றி வைத்துவிட்டுப் போனது நான்தான். அந்தச் செம்பு எனக்கு வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாப்பாவின் வெள்ளிச் சகன் எங்கே?

நசீர்


தெம்பனிஸ்
9 மே 2024

அன்புள்ள நானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் "அன்புள்ள" போடவில்லை. கவனித்தேன். நான் போடுகிறேன், பழக்கம் விடவில்லை.

வாசலில் சகனை வைத்துவிட்டுப் போனீர்களே, மணி அடித்திருந்தால் திறந்திருப்பேன். வீட்டில்தான் இருந்தேன். நான் எங்கே போகப் போகிறேன்? பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்து "ஆன்ட்டி, உங்க வீட்டு வாசல்ல யாரோ சட்டி போட்டுட்டாங்க" என்று மலாயில் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டி. உங்கள் வெள்ளிச் சகனுக்கு வந்த மரியாதை.

போனை எடுக்காததற்குக் காரணம் சொல்கிறேன். போனில் நீங்கள் பேசினால் பின்னால் கதீஜா மச்சியின் குரல் கேட்கிறது. "குர்ஆன் மேல கை வெச்சு சொல்லட்டும், பாப்போம்." நன்றாகக் கேட்டது நானா. வாட்ஸ்அப்பில் எழுதினால் அது குடும்பக் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து ஜொகூர் வரைக்கும் போகும். அதனால் கடிதமே நல்லது. மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்பார்களே, கடிதம் எழுதுவது பேச்சில் சேருமா என்று உங்கள் கமிட்டியில் யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளிச் சகன் எங்கே? எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது ஒரே சகன். 2011இல் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அவரை இங்கே கொண்டுவந்தபோது ஒரு படுக்கை, இரண்டு பெட்டி, அந்தச் சகன். நீங்கள்தான் லாரியிலிருந்து இறக்கினீர்கள். சென்ற மாதம் நீங்கள் எடுத்துப் போனதும் அதையேதான்.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். பதினோரு வருஷம் வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன். பாலர் பள்ளி வேலையை விட்டேன். அந்த மனுஷனுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை துணி மாற்றினேன். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினால் பாதி என் கையில் வழியும். நீங்கள் இரண்டு பெருநாளுக்கும் வந்தீர்கள், பிஸ்கட் டின்னோடு. அதை நான் குறையாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் என்னைத் திருடி என்கிறீர்கள்.

சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணத் தெரியாமல் இல்லை. என் கூடப் பிறந்தவரிடம் அதைப் பண்ண வேண்டிய நிலைமை வந்தால் அப்புறம் எதற்கு அண்ணன், எதற்குத் தங்கச்சி?

களைப்பாக இருக்கிறது நானா. வாப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் தூக்கம் சரியாகவில்லை. இனிமேல் யார் மேலும் கோபப்பட உடம்பில் தெம்பில்லை என்று நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் இருக்கிறது என்று தெரிந்தது.

நஃபீசா


பாசிர் ரிஸ்
17 மே 2024

நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ வாப்பாவைப் பார்த்துக்கொண்டதை நான் ஒருபோதும் இல்லையென்று சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

கதீஜா அப்படிச் சொன்னது தவறு. நான் கண்டித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீ யோசித்துப் பார். வாப்பா அது வெள்ளி என்று சொன்னார். மெஷின் அது செம்பு என்கிறது. ஒன்று, வாப்பா நம்மிடம் ஆயுசு முழுக்கப் பொய் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் சகன் மாறியிருக்க வேண்டும். ஐந்து வேளைத் தொழுகை தப்பாத மனுஷன், கப்பலில் மூட்டை தூக்கியபோதும் ஒரு பேரீச்சம்பழம் சொந்தமாக எடுக்காத மனுஷன். அவரைப் பொய்யர் என்று நான் எப்படி நினைப்பேன்?

நீயே மாற்றினாய் என்று நான் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் உன் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். நர்ஸ் வந்தாள், பணிப்பெண் ருக்ஸானா ஒன்றரை வருஷம் இருந்தாள். உன் கவனக்குறைவாக இருக்கலாம். அதை ஒப்புக்கொண்டால் போதும். நான் அத்தோடு விட்டுவிடுகிறேன்.

இத்துடன் என் கல்யாண போட்டோவின் நகல் வைத்திருக்கிறேன். 1989. எனக்கும் கதீஜாவுக்கும் பின்னால் அலமாரியில் பார். என்ன வெளுப்பு! செம்பு இப்படி இருக்குமா? நீயே சொல்.

கண்காட்சிப் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உலோகம், காலம் என்ற இரண்டு வரியையும் அடித்துவிட்டுக் காலியாக வைத்திருக்கிறேன். கமிட்டிக் கூட்டத்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நசீர்


தெம்பனிஸ்
2 ஜூன் 2024

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம்.

ருக்ஸானாவை இதில் இழுக்காதீர்கள். அந்தப் பிள்ளை ஊருக்குப் போகும்போது வாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. திருடிதான் வேண்டுமென்றால் நானே இருந்துவிட்டுப் போகிறேன், அவள் வேண்டாம்.

ஆனால் வாப்பா பொய்யர் அல்லது நான் திருடி என்று எழுதியிருந்தீர்களே, அது மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வாப்பாவையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதனால் சகனை ஒரு ஆளிடம் காட்டினேன்.

பெயர் ரூபி. என்னோடு பாலர் பள்ளியில் வேலை பார்த்த டீச்சரின் தங்கச்சி. தஞ்சோங் பகாரில் ஒரு கூடம் இருக்கிறது, பழைய உலோகச் சாமான்களைப் பழுது பார்ப்பார்கள், சோதித்தும் சொல்வார்கள். சர்ச்சில் பூசைக்கு வைக்கும் கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு எல்லாம் இவளிடம்தான் வருமாம். சகனைத் துணிமணி போடும் பெரிய பையில் வைத்து எம்.ஆர்.டி. ரயிலில் கொண்டுபோனேன். மடியில் வைக்க முடியவில்லை, நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். நாம் சின்னப் பிள்ளையாக ஓடி விளையாடிய குடியிருப்பு இருந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே முப்பது மாடி. கீழே காப்பிக்கடையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள். ஒன்றும் தோன்றவில்லை எனக்கு, கால் வலித்தது.

ரூபி முதலில் கேட்ட கேள்வி: "அக்கா, இது எப்பவாச்சும் கறுத்திருக்கா?"

இல்லை, மங்கும், சாம்பல் மாதிரி ஆகும் என்றேன்.

"வெள்ளின்னா கறுக்கும்க்கா. வீட்ல சும்மா நிறுத்தி வெச்சாலே கறுத்துடும். அம்பது அறுபது வருஷத்துல ஒருத்தர்கூட அதப் பாக்கலையா?"

எப்படிப் பார்த்திருப்போம் நானா? நம் வீட்டில் வேறு வெள்ளி ஏது, ஒத்துப் பார்க்க? உம்மாவின் கொலுசுகூட நாம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. வெள்ளியை எங்கே நாம் கண்ணால் கண்டோம்?

அப்புறம் அவள் பூதக்கண்ணாடி, விளக்கு, கையில் பிடிக்கும் ஒரு மெஷின் எல்லாம் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தாள். ஓரத்தை மட்டும் இல்லை, பதினெட்டு இடத்தில் வைத்தாள். அறிக்கை இத்துடன் இருக்கிறது. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

சகன் செம்புதான். மேலே வெள்ளீயம் பூசியிருக்கிறது. அந்த வெளுப்பு ஈயத்தின் வெளுப்பு. ஒரு தடவை இல்லை, குறைந்தது மூன்று தடவை பூசியிருக்கிறார்கள். மெஷினில் பூசியதில்லை, சூடாக்கிப் பஞ்சால் தேய்த்துப் பூசியது. பஞ்சு போன தடம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. எனக்கும் காட்டினாள். சுற்றுச்சுவர் தனித் தகடு, அடித்தட்டோடு பல் பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்திருக்கிறது. இரண்டு கையின் விரலையும் கோத்துப் பிடிப்போமே, அந்த மாதிரி. இப்போது வருகிற செம்பு மிகவும் சுத்தமாக இருக்குமாம். இதில் ஆர்சனிக்கும் காரீயமும் சொச்சம் சொச்சமாகக் கலந்திருக்கிறது, பழைய உலையில் உருக்கியது என்கிறாள். முத்திரை இல்லாததால் வருஷம் சொல்ல முடியாது. 1870க்கும் 1920க்கும் நடுவில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள். "இதுக்கு மேல சொல்றவங்க பொய் சொல்றாங்க" என்றாள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் உம்மா பாலிஷ் போட்டுத் தேய்ப்பார்கள் அல்லவா? உம்மாவுக்குப் பிறகு நான் தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தபோது அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். ரூபி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெள்ளின்னு நெனச்சு ஈயத்தையெல்லாம் நீங்களே சுரண்டிட்டீங்களே அக்கா!" ஆக, வெளுப்பைக் களவாடியது நான்தான் நானா. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னாள். நடுவில் ஒரு வட்டமும், அதைச் சுற்றி நாலு பக்கமும் தேய்மானம் இருக்கிறதாம். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. நமக்கு முன்னால் யாரோ ரொம்ப வருஷம் இதில் சாப்பிட்டிருக்கிறார்கள். நாம்தான் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

மூன்றாம் பத்தியில் ஒரு நெளிவைப் பற்றி எழுதியிருக்கிறாள். இது எப்படி ஆச்சு என்று என்னிடம் கேட்டாள். நான் சகனைத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

படித்துவிட்டுத் தோன்றியதை எழுதுங்கள். தோன்றாவிட்டாலும் சரி. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

நஃபீசா

(இணைப்பு. அறிக்கையின் மூன்றாம் பத்தி: "விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிவு. விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம். பின்புறமிருந்து தட்டி நிமிர்த்த முயன்றுள்ளனர். தட்டியது உலோகச் சுத்தியல் அன்று, சொரசொரப்பான கல். ஏறத்தாழ பதினைந்து அடிகள், ஒன்றுகூட இன்னொன்றின் மேல் விழவில்லை. பழகாத கை, சிறிய கை. அடி விழுந்த குழிகளில் பல பத்தாண்டுப் பாலிஷ் படிந்து இறுகியுள்ளது. எனவே இது அண்மையில் நடந்ததன்று.")


பாசிர் ரிஸ்
6 ஜூன் 2024

நஃபீசா,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதமும் அறிக்கையும் கிடைத்தன.

அந்த நெளிவு இருக்கும் இடத்தைப் பின்பக்கமாக ஒரு படம் எடுத்து மகள் சாதியாவின் போனுக்கு அனுப்ப முடியுமா? அவசரம் இல்லை. முடிந்தால் இன்றைக்கே.

நசீர்


தெம்பனிஸ்
8 ஜூன் 2024

நானா,

நாலு பக்கம் எழுதி அனுப்பினால் நாலு வரி எழுதுகிறீர்கள். அவசரம் இல்லை, இன்றைக்கே வேண்டும். துறைமுக அலுவலகத்தில் இப்படித்தான் எழுதினீர்களா?

படம் அனுப்ப மாட்டேன். சகன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

நஃபீசா


பாசிர் ரிஸ்
14 ஜூன் 2024

அன்புள்ள தங்கச்சி நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பஸ் ஏறினேன். உன் பிளாக்கின் கீழே வரைக்கும் வந்தேன். மேலே வர முகம் இல்லை. தபால்பெட்டிகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் மறுபடியும் தாள்.

படம் தேவையில்லை. அந்தக் கல் எது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு சம்பால் இடிக்கும் பாத்து லெசோங்கின் குழவி. அந்தக் கை என் கை.

1973. எனக்குப் பதினொரு வயது. வாப்பா வேலைக்குப் போயிருந்தார், உம்மா எங்கோ மௌலூது ஓதும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். குடியிருப்பில் எல்லாப் பையன்களும் அட்டையில் உட்கார்ந்து மாடிப்படியில் சறுக்குவார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. சகனை எடுத்தேன். அதில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சறுக்கினேன். அடடா, என்ன வேகம்! கீழே சுவரில் போய் இடித்தது. விளிம்பு உள்ளே மடங்கிவிட்டது.

குழவியால் பின்பக்கம் தட்டினேன். எத்தனை அடி என்று அந்தப் பெண் எண்ணியிருக்கிறாள். நான் எண்ணவில்லை, அழுதுகொண்டே தட்டினேன். தட்டிய இடத்தில் வெளுப்பு உரிந்து சிவப்பு தெரிந்தது. கேட்கிறாயா நஃபீசா? சிவப்பு தெரிந்தது. எனக்குப் பதினொரு வயதிலேயே அது செம்பு என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வெள்ளியை ரொம்ப அடித்தால் இப்படிக் கன்றிச் சிவக்கும் போல என்று நினைத்தேன். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைப் பசை வைத்து ஒட்டி, அந்தப் பக்கம் கீழே வருகிற மாதிரி அலமாரியில் நிறுத்தினேன். ஒரு மாதம் வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் மறந்துபோனேன். மறந்தேனா, மறந்ததாக வைத்துக்கொண்டேனா, எனக்கே தெரியவில்லை.

நகைக்கடையில் திரையைத்தான் பார்த்தேன். சகனைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சுத்தியல் பிடிக்கத் தெரியாத என் கையை நானே அடையாளம் கண்டிருப்பேன்.

ஏன் பார்க்கவில்லை என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், கதீஜாவிடம்கூடச் சொல்லவில்லை. வாப்பாவை உன்னிடம் இறக்கிவிட்டுப் போனவன் நான். பதினோரு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட நான் அவர் பக்கத்தில் இருக்கவில்லை. உன் வீட்டு வாசலில் ஏறும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும். நீ ஏதாவது ஒரு தப்பு செய்திருந்தால் நன்றாக இருக்கும் என்று உள்ளுக்குள்ளே ஒரு ஆசை இருந்திருக்கிறது. மெஷின் செம்பு என்று காட்டியதும் எனக்கு வருத்தமாக மட்டும் இருக்கவில்லை நஃபீசா. ஒரு நிம்மதியும் வந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், ஆனால் வந்தது.

வாப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. அவரிடம் யாரோ சொன்னார்கள், அவர் நம்மிடம் சொன்னார். பொய்யரும் இல்லை, திருடியும் இல்லை. நடுவில் ஒரு முட்டாள் இருந்தான்.

படிவத்தைத் திருத்தி வெங்கடேஷிடம் கொடுத்துவிட்டேன். உலோகம்: ஈயம் பூசிய செம்பு. காலம்: உறுதியாகத் தெரியவில்லை. கமிட்டியில் எல்லார் முன்னாலும் என் தங்கையைச் சந்தேகப்பட்டேன், அது தப்பு என்று சொன்னேன். வயிறு சரியில்லை என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சாதியாவிடமும் அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றீங்க, மாமிகிட்ட போய் சொல்லுங்க லா" என்றாள்.

என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதையாவது எழுது.

உன் நானா,
நசீர்


தெம்பனிஸ்
19 ஜூன் 2024

அன்புள்ள நானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இந்தத் தடவை "அன்புள்ள" போட்டிருந்தீர்கள். "தங்கச்சி" வேறு. பார்த்தேன்.

நீங்கள் படியில் சறுக்கிய அன்றைக்கு நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏழு வயது. உம்மா என்னை மௌலூதுக்கு அழைத்துப் போகவில்லை, காய்ச்சல் என்று விட்டுப் போனார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள உங்களிடம்தான் சொல்லிப் போனார்கள், அதையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். சறுக்கியதைப் பார்த்தேன். தட்டியதைப் பார்த்தேன். வெள்ளித் தாள் ஒட்டும்போது நீங்கள் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். பாவமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவிடம் சொல்லவில்லை, வாப்பாவிடம் சொல்லவில்லை. ஐம்பத்தோரு வருஷம்.

பாலிஷ் போடும்போதெல்லாம் என் விரல் அந்த நெளிவில் படும். அந்தத் தாளைச் சுரண்டி எடுத்ததும் நான்தான், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, உங்களுக்கு அடி விழுந்துவிடக் கூடாதே என்று. அடியில் சிவப்பாக இருந்தது. பசையின் கறை என்று நினைத்தேன். நீங்கள் வெள்ளி கன்றிவிட்டது என்று நினைத்தீர்கள், நான் பசை என்று நினைத்தேன். நல்ல குடும்பம்!

அப்படியென்றால் மே மாதம் முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்கலாம். நானா, சகனின் பின்பக்கம் பாருங்கள், நீங்கள் குழவியால் அடித்த தடம் இருக்கிறது, அதே சகன்தான் என்று ஒரு வரி. பேச்சு முடிந்திருக்கும். பேனாவை எடுத்தேன், எழுதினேன், கிழித்துப் போட்டேன். அத்தாட்சி காட்டினால் நீங்கள் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அத்தாட்சி இல்லாமல் நம்புவீர்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆறு வாரம் காத்திருந்தேன். நீங்கள் நம்பவில்லை. மெஷினை நம்பினீர்கள், போட்டோவை நம்பினீர்கள், ரூபியின் தாளை நம்பினீர்கள்.

இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எழுதாவிட்டால் எனக்குள்ளேயே கிடந்து புளிக்கும், அதனால் எழுதுகிறேன். நிம்மதி வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். ஆனால் அந்த வரிக்காகத்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன். அதை நீங்கள் மறைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை நானா. சோறு ஆக்க வரும்.

பெருநாளன்று சாதியா கொண்டுவந்து தந்த குர்பானி இறைச்சி ஃப்ரீஸரில் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைக்கிறேன். நீங்கள், மச்சி, சாதியா, நான். நாலு பேர், கணக்காகச் சகனுக்குச் சரி. செம்பு என்று தெரிந்த பிறகும் அதை அலமாரியில் நிறுத்தி வைக்க எனக்கு இஷ்டமில்லை. கண்காட்சிக்கு அது திங்கட்கிழமை போகட்டும்.

ரூபியிடம் கேட்டேன். "ஐயையோ அக்கா, நேரடியா போட்டுச் சாப்பிடாதீங்க, ஈயம் போயிருக்கு, இருக்கற ஈயத்துலயும் காரீயம் கலந்திருக்கு" என்றாள். இங்கே ஈயம் பூசவும் ஆள் இல்லை, பூசினால் பழசெல்லாம் மறைந்துவிடும் என்றும் சொன்னாள். அதனால் தேக்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி வந்து அடியில் வட்டமாக விரித்துவிடுகிறேன். அதற்கு அவள் சரி என்றாள். அவளையும் கூப்பிட்டேன், ஞாயிறு பூசை இருக்கிறது என்றாள்.

மச்சியிடம் சொல்லுங்கள், குர்ஆன் மேல் கை வைக்கச் சொல்ல மாட்டேன், சோற்றில் வைத்தால் போதும். பிஸ்கட் டின் வேண்டாம். ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள், தபால்பெட்டிப் பக்கம் நிற்க வேண்டாம், நேரே மேலே வாருங்கள்.

அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிடுவதுதானே முறை? நெளிவு இருக்கிற பக்கத்தை உங்களுக்கு நேராகத்தான் வைப்பேன்.

நஃபீசா